இயற்கை வாயு இயந்திரங்களின் புகை: கணிப்பில் அகப்பட்டதும் அகப்படாததும்

டீசலுக்கும் நிலக்கரிக்கும் மாற்றீடாக இயற்கை வாயு என்ற பேச்சு எழும் போதெல்லாம் அதனுடன் கூடவே 'தூய்மையான எரிபொருள்' என்ற அடைமொழியும் வந்து சேர்ந்துவிடுகிறது. அமைச்சர்களின் உரைகளிலும், கடன் வழங்கும் வங்கிகளின் அறிக்கைகளிலும், கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்களிலும் இவ்வடைமொழியை நாம் தொடர்ந்து கண்டு வருகிறோம். அது முற்றிலும் பொய்யான ஒன்றல்ல. ஆயினும் ஓர் எரிபொருளின் தூய்மை அதன் இயல்பால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. இயந்திரத்தின் சிலிண்டருக்குள், ஒரு செக்கனின் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அதற்கு என்ன நேர்கிறது என்பதிலேயே பெரும்பகுதி தங்கியுள்ளது.

அந்தச் சொற்ப நேரத்தில் நடப்பதைக் கண்ணால் காண்பது அரிது. ஆகவே பொறியியலாளர்கள் அதனைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் கணித்துப் பார்க்கின்றனர். இயந்திரம் வார்க்கப்படுவதற்கு முன்னரே அதன் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு நச்சு வெளியேறும் என்பதற்கு ஓர் எண் கிடைத்துவிடுகிறது. அந்த எண்ணை நம்பியே பல கோடி ரூபா பெறுமதியான தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன. இவ்வகைக் கணிப்புகள் எந்த இடத்தில் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக அமைகின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதை விளக்குவதே எமது நோக்கம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. எமது வீடுகளில் சிலிண்டர்களில் வாங்கும் சமையல் எரிவாயு வேறு, இங்கு நாம் பேசும் இயற்கை வாயு வேறு. முன்னையது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. சாதாரண வெப்பநிலையில் ஓரளவு அமுக்கத்திலேயே திரவமாகிவிடுவது. பின்னையதில் பெரும்பகுதி மெதேன். அதனைத் திரவமாக்க வேண்டுமாயின் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் வரை குளிரவைக்க வேண்டும். கட்டாரின் றாஸ் லபான் போன்ற இடங்களில் இவ்வேலை பெரும் ஆலைகளில் நடைபெறுகிறது என்பதை அங்கு தொழில் புரியும் எம்மவர்கள் அறிவர். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புச் சம்பவங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றி நாடே பேசியது. வாயுவின் கலவை மாறினால் அதன் நடத்தையும் மாறும் என்ற பாடத்தை நாம் அப்போது கற்றோம். அப்பாடம் இயற்கை வாயுவுக்கும் பொருந்தும்; அதனைப் பின்னர் கவனிப்போம்.

மெதேன் மூலக்கூறில் ஒரு காபன் அணுவுக்கு நான்கு ஐதரசன் அணுக்கள் உள்ளன. வேறெந்த ஐதரோகாபனிலும் இவ்வளவு ஐதரசன் பங்கு இல்லை. எனவே ஒரே அளவு சக்தியைப் பெறுவதற்கு டீசலை எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டைவிட, இயற்கை வாயுவை எரிக்கும்போது வெளிவருவது ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கரித்துகள் மிகச் சொற்பம். கந்தகம் அநேகமாக இல்லை. 'தூய்மையான எரிபொருள்' என்ற அடைமொழிக்கு ஆதாரம் இவைதாம்.

இனி சிலிண்டருக்குள் செல்வோம். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் ஒரு மின்பிறப்பாக்கியை எடுத்துக்கொண்டால், அதன் தண்டு ஒரு சுற்றை முடிக்க ஒரு செக்கனின் இருபத்தைந்தில் ஒரு பங்கே ஆகும். தகனம் நடைபெறுவது அச்சுற்றின் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பகுதியில் மட்டுமே. மெதேன் எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளாது. டீசலைப் போல அமுக்கத்தின் சூட்டில் எரியத் தொடங்காது. ஆகையால் ஒரு தீப்பொறியோ, சில துளி டீசலோ கொண்டு அதனைப் பற்றவைக்க வேண்டும். பற்றிய சுவாலை அமைதியான வாயுவில் செக்கனுக்கு 40 சென்ரிமீற்றர் அளவிலேயே ஊர்ந்து செல்லும். அவ்வேகத்தில் சென்றால் சிலிண்டரின் மறு ஓரத்தை அடைவதற்குள் பிஸ்டன் பல தடவை மேலும் கீழும் சென்று வந்துவிடும். ஆயினும் இயந்திரம் ஓடுகிறது. காரணம், உள்ளே நுழையும் காற்றின் கொந்தளிப்பு சுவாலையைக் கசக்கி மடித்து, அதன் பரப்பைப் பல மடங்காகப் பெருக்கிவிடுகிறது. கொந்தளிப்பு இல்லையேல் வேகமாகச் சுழலும் வாயு இயந்திரம் என்ற ஒன்றே இல்லை எனலாம். கணிப்பவருக்குத் தலையிடி தருவதும் அதே கொந்தளிப்புத்தான்.

புகையில் வெளியேறும் மாசுக்களுள் நீண்ட காலம் முதன்மையாகக் கருதப்பட்டவை நைதரசன் ஒட்சைட்டுகள். சுவாச நோய்களுக்கும், நிலமட்ட ஓசோனுக்கும், அமில மழைக்கும் இவை காரணமாகின்றன. வியப்பு என்னவெனில் இவை எரிபொருளிலிருந்து வருபவை அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைதரசனே, கடும் வெப்பத்தில் ஒட்சிசனுடன் இணைந்து இவற்றைத் தோற்றுவிக்கிறது. அதனால் எவ்வளவு 'தூய்மையான' எரிபொருளை ஊற்றினாலும், வெப்பநிலை உயர்ந்தால் இவை உருவாகியே தீரும்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1940களில் விளக்கியவர் சோவியத் விஞ்ஞானி யாக்கொவ் செல்டோவிச். பல்கலைக்கழகப் படிப்பை முறையாக முடிக்காமலேயே லெனின்கிராட் ஆய்வுகூடமொன்றில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அணுவாயுதத் திட்டத்திலும் வான்பௌதிகத்திலும் பெயர் பதித்தவர் அவர். நைதரசன் மூலக்கூறின் பிணைப்பு மிக வலிமையானது. அதனை ஒட்சிசன் மூலக்கூறு நேரடியாக உடைப்பதில்லை. வெப்பத்தில் பிளவுற்ற தனி ஒட்சிசன் அணுவே முதலில் தாக்கி உடைக்கிறது. அதில் விடுபடும் நைதரசன் அணு அடுத்த ஒட்சிசன் மூலக்கூறைத் தாக்குகிறது. இவ்வாறு சங்கிலித் தொடராக நைத்திரிக் ஒட்சைட்டு பெருகுகிறது. முதற்படிக்கு வேண்டிய ஏவற்சக்தி மிகப் பெரிது. ஆகவே வெப்பநிலையில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரும் விளைவைத் தருகிறது. 1,900 பாகை செல்சியஸிலிருந்து 2,000 பாகைக்கு உயர்ந்தால், அந்த முதற்படியின் வேக மாறிலி மட்டுமே இரு மடங்குக்கும் மேலாகிவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பிஸ்டன் கீழிறங்கும்போது வாயு விரிந்து குளிர்கிறது. பொறுமையாகக் குளிரவைத்தால் உருவான நைத்திரிக் ஒட்சைட்டு மீண்டும் நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும். ஆனால் இயந்திரம் பொறுமை காப்பதில்லை. கொதிக்கும் பாகைத் திடீரெனக் குளிரவைத்தால் அது நின்ற நிலையிலேயே இறுகிவிடுவது போல, நைத்திரிக் ஒட்சைட்டும் உயர்ந்த அளவிலேயே உறைந்து புகைபோக்கிக்கு வந்துவிடுகிறது. எனவே இறுதி வெப்பநிலையை மட்டும் கொண்டு சமநிலைக் கணக்குப் போடுபவருக்கு விடை அநேகமாகப் பூச்சியம் என்றே வரும். உண்மையோ அதற்கு முற்றிலும் மாறானது. 1970 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தைச் சேர்ந்த லவோயி, ஹேவூட், கெக் ஆகியோர் செல்டோவிச்சின் தொடரில் மேலும் ஒரு தாக்கத்தைச் சேர்த்து, இயந்திரத்தின் ஒவ்வொரு கணத்துக்கும் வேகக் கணக்கைச் செய்து காட்டியதன் பின்னரே கணிப்பும் அளவீடும் ஒத்துவரத் தொடங்கின. பொறியியல் வேதியியலின் பெரு வெற்றிகளுள் இதனையும் ஒன்றாகக் கூறுவதில் எமக்குத் தயக்கமில்லை.

இவ்வெற்றி இயந்திர வடிவமைப்பையே திசை திருப்பியது. வெப்பநிலையைச் சில நூறு பாகை குறைத்தால் நைதரசன் ஒட்சைட்டுகள் அநேகமாக மறைந்துவிடும் என்று கணிப்பு கூறியது. குறைப்பது எப்படி? தேவைக்கு மேலதிகமாகக் காற்றைச் சேர்ப்பதே எளிய வழி. ஒரு கிலோகிராம் மெதேன் முற்றாக எரிய ஏறத்தாழ 17 கிலோகிராம் காற்று போதும். பெரிய வாயு இயந்திரங்களில் இதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காற்று செலுத்தப்படுகிறது. மேலதிகக் காற்று வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் சுவாலை குளிர்கிறது. இயந்திரத்தின் வினைத்திறனும் கூடுகிறது. இந்த 'ஐதான கலவை' இயந்திரங்கள், சர்வதேச கடல்சார் அமைப்பு நைதரசன் ஒட்சைட்டுகளுக்கு விதித்துள்ள மிகக் கடுமையான வரம்பையும், புகையைச் சுத்திகரிக்கும் கருவி எதுவுமின்றியே நிறைவு செய்கின்றன.

வீதி வாகனங்களில் வேறொரு வழியும் உண்டு. காற்றையும் வாயுவையும் மிகச் சரியான விகிதத்தில் கலந்து எரித்து, வெளிவரும் மாசுக்களை மும்முனை ஊக்கி எனப்படும் சாதனத்தில் அழிப்பது அவ்வழியாகும். கலவை சற்றேனும் ஐதாகிவிட்டால் அந்த ஊக்கி நைதரசன் ஒட்சைட்டுகளைச் சிதைக்கும் திறனை இழந்துவிடும். புதுடில்லியில் 1998 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் விடுத்த உத்தரவின் பேரில், பெரும் இழுபறிகளுக்குப் பின்னர், 2002 இன் இறுதிக்குள் நகரப் பேருந்துகள் யாவும் அமுக்கப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாற்றப்பட்டன. பேருந்துகளின் கரும்புகை அகன்றது உண்மை. எனினும் 2024 ஆம் ஆண்டு டில்லியிலும் குருகிராமிலும் வீதியோரக் கருவிகளால் ஓடும் வாகனங்களின் புகையை அளந்து வெளியிட்ட ஆய்வில், வாயுவில் ஓடும் வாடகைக் கார்களும் சிறு சரக்கு வாகனங்களும் ஆய்வுகூட வரம்பைப் போலப் பல மடங்கு நைதரசன் ஒட்சைட்டுகளை வெளியிடுவது தெரியவந்தது. செல்டோவிச்சின் வேதியியல் இதனால் பொய்த்துவிடவில்லை. ஆய்வுகூடத்தில் ஓடும் வாகனமும் வீதியில் ஓடும் வாகனமும் ஒன்றல்ல என்பதே இதிலிருந்து தெரிகிறது.

கணிப்பு மாதிரிகள் எவ்வாறு அமைகின்றன என்பதை இங்கு சுருக்கமாகக் கூற வேண்டும். மிக எளிய மாதிரியில் சிலிண்டர் முழுவதும் ஒரே பாத்திரமாகக் கருதப்படும். எரிபொருள் எந்த வேகத்தில் எரிந்து தீர்கிறது என்பதற்கு வீபே என்ற சோவியத் பொறியியலாளரின் பெயரால் வழங்கும் ஒரு வளைகோடு பயன்படுத்தப்படும். அவ்வளைகோடு தகனத்தை விளக்குவதில்லை. ஏற்கெனவே அளந்த தகனத்தின் உருவத்தைப் படியெடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். அடுத்த நிலையில் எரிந்த வாயு ஒரு வலயமாகவும் எரியாத வாயு இன்னொரு வலயமாகவும் பிரிக்கப்படும். நைதரசன் ஒட்சைட்டுகளைக் கணிக்க இவ்விரு வலய மாதிரியே பெரும்பாலும் போதுமானது. ஏனெனில் அவை எரிந்த வாயுவின் சூடான பகுதியிலேயே உருவாகின்றன. அதன் வெப்பநிலையை அறிந்தால் மிகுதி தானே வரும்.

மூன்றாவது வகை, சிலிண்டரை இலட்சக்கணக்கான சிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வாயுவின் ஓட்டம், வெப்பம், வேதியியல் ஆகிய அனைத்தையும் கணிப்பது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் 1980களில் எழுதப்பட்ட 'கீவா' என்னும் கணினி நிரல் இத்துறையில் ஒரு தலைமுறைக்கே பாடசாலையாக விளங்கியது. மெதேன் எரிவதை நாம் பாடசாலையில் ஒரே வரியில் எழுதியிருப்போம்: மெதேனும் ஒட்சிசனும் சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீரும். உண்மையில் அந்த ஒரு வரிக்குள் நூற்றுக்கணக்கான தாக்கங்கள் ஒளிந்துள்ளன. 1999 இல் வெளியான 'ஜி.ஆர்.ஐ. மெக்' என்னும் புகழ்பெற்ற தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் 53 வேதிப்பொருள்களும் 325 தாக்கங்களும் இடம்பெறுகின்றன. இவ்வளவையும் இலட்சக்கணக்கான பெட்டிகளில், மைக்ரோ செக்கன் கணக்கில் கணிக்கப் புகுந்தால் பெருங்கணினிகளும் திணறும். ஆகையால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. ஒருவர் வேதியியலைச் சுருக்குவார். இன்னொருவர் கொந்தளிப்பைச் சராசரியாக்குவார். பிறகு அளவீட்டுடன் ஒத்துவரும் வரை சில மாறிலிகளைத் திருகிச் சரிசெய்வர். இதில் ஏமாற்று எதுவுமில்லை. எல்லாப் பொறியியலிலும் நடப்பதே. ஆனால் திருகிச் சரிசெய்த எல்லைக்கு வெளியே அம்மாதிரி எதையும் உறுதியாகக் கூறாது.

மெதேன் விடயத்தில் இதுவே பிரச்சினையாகிறது.

சிலிண்டருக்குள் சென்ற மெதேன் முழுவதும் எரிவதில்லை. ஒரு சிறு பகுதி எரியாமலேயே புகையுடன் வெளியேறிவிடுகிறது. துறைசார்ந்தோர் இதனை மெதேன் நழுவல் என்கின்றனர். இது நழுவும் பாதைகள் பல. பிஸ்டனின் மேல் விளிம்புக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே, முதல் ரிங்குக்கு மேலாக, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடுக்கு ஒன்று உண்டு. அமுக்கத்தின்போது காற்றும் வாயுவும் சேர்ந்த கலவை அதற்குள் திணிக்கப்படுகிறது. இருபுறமும் குளிர்ந்த உலோகம் இருப்பதால் சுவாலை அந்த இடுக்கினுள் நுழைய முடியாமல் வாசலிலேயே அணைந்துவிடும். பிஸ்டன் இறங்கும்போது பதுங்கியிருந்த கலவை வெளியே வருகிறது. ஆனால் அதற்குள் சிலிண்டர் குளிர்ந்துவிட்டது. இடுக்கு சிறியதாயினும் அதிலுள்ள வாயு குளிர்ந்து அடர்த்தியாக இருப்பதால், அதன் கனவளவு காட்டுவதைவிடக் கூடுதலான எரிபொருள் அங்கு பதுங்குகிறது. இதைத் தவிர, உட்செலுத்தும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும் இயந்திரங்களில், புதிய கலவை ஒரு வாசலால் வந்து மறு வாசலால் சென்றுவிடுவதும் உண்டு.

டீசல் இயந்திரத்தில் இப்பிரச்சினை இவ்வளவு இல்லை. அங்கு அமுக்கப்படுவது வெறும் காற்று. இடுக்குகளில் பதுங்குவதும் காற்றே. எரிபொருள் கடைசி நேரத்திலேயே தெளிக்கப்படுகிறது.

மற்றொரு பாதையே மிகவும் சிக்கலானது. நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்கக் கலவையை ஐதாக்கினோம் அல்லவா? ஐதான கலவையில் சுவாலை பலவீனமானது. இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது அது தாக்குப்பிடிக்கும். சுமை குறைந்து, உள்ளே வெப்பமும் அமுக்கமும் தாழும்போது, சில இடங்களில் சுவாலை நடுவழியில் அணைந்துவிடுகிறது. அதுவும் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கொந்தளிப்பு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விதமாக அமைவதால், தொண்ணூற்றொன்பது சுழற்சிகள் நன்றாக எரிந்து, நூறாவது சுழற்சி எரியாமலே போகலாம். பல மாதிரிகள் கணிப்பது 'சராசரிச் சுழற்சி'யை. சராசரிச் சுழற்சியோ எப்போதும் நன்றாகவே எரிகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் சிலிண்டரின் நடுவே, சூடான இடத்தில், பெரும்பாலான சுழற்சிகளில் உருவாகின்றன. எரியாத மெதேனோ ஓரங்களில், குளிர்ந்த இடங்களில், விதிவிலக்கான சுழற்சிகளில் தோன்றுகிறது. சராசரியை நோக்கிச் செதுக்கப்பட்ட கருவியைக் கொண்டு விதிவிலக்குகளை அளக்க முற்படுவது கடினம் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஓரிரு சதவீதம் நழுவினால் என்ன என்று கேட்கலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி, நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் மெதேன் ஒரு கிலோகிராம், நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 30 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியை வெப்பமாக்குகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது 82 கிலோகிராமுக்கும் மேல். இப்போது 100 கிலோகிராம் மெதேனைப் பெற்றுக்கொண்ட ஓர் இயந்திரத்தில் 3 கிலோகிராம் நழுவுவதாகக் கொள்வோம். எரிந்த 97 கிலோகிராம் ஏறத்தாழ 267 கிலோகிராம் காபனீரொட்சைட்டைத் தரும். நழுவிய மூன்று கிலோகிராம், நூறு ஆண்டுக் கணக்கில் மேலும் 89 கிலோகிராமுக்குச் சமம். மொத்தம் 356. அதே அளவு சக்தியை டீசலிலிருந்து பெற்றிருந்தால் வெளிவருவது ஏறத்தாழ 359 கிலோகிராம். கால் பங்கு இலாபம் என்று எந்த அனுகூலத்தைச் சொல்லி வாயுவுக்கு மாறினோமோ, அந்த அனுகூலம் மூன்று சதவீத நழுவலில் கரைந்துவிட்டது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நழுவல் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும்போதே இலாபம் முடிந்துவிடுகிறது. மேலே நாம் கூறிய, நூற்றில் ஒரு சுழற்சி எரியாமற்போகும் இயந்திரம் ஏறத்தாழ அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இரு இயந்திரங்களும் ஒரே வினைத்திறன் கொண்டவை எனக் கொண்டே இக்கணக்கைச் செய்துள்ளோம். வாயுக் கிணறுகளிலும் குழாய்களிலும் ஏற்படும் கசிவுகளையோ, டீசலைச் சுத்திகரிக்கச் செலவாகும் சக்தியையோ இதில் சேர்க்கவில்லை.

மெதேன் நழுவல் உண்மையில் எவ்வளவு? கப்பல்கள் தொடர்பில் இக்கேள்விக்கு அண்மையில் நேரடி அளவீடு கிடைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல்சார் எரிபொருள் விதிகள், நடுத்தர வேகத்தில் ஓடும் இரட்டை எரிபொருள் இயந்திரங்களுக்கு 3.1 சதவீத நழுவலைப் பொதுப் பெறுமானமாகக் கொள்கின்றன. சர்வதேச கடல்சார் அமைப்பு 3.5 சதவீதம் எனக் கொள்கிறது. சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச பேரவை ஏனைய நிறுவனங்களுடன் இணைந்து, ஆளில்லா விமானங்களையும் ஹெலிகொப்டர்களையும் கப்பல்களின் புகைக்குள் அனுப்பி அளந்து, 2024 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டது. அவ்வகை இயந்திரங்களின் சராசரி நழுவல் 6.4 சதவீதம். விதிகள் கொள்ளும் பெறுமானத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மேலே போட்ட கணக்கின்படி இது, நூறு ஆண்டு அளவுகோலில்கூட, டீசலைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமான பாதிப்பாகும்.

வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? விதிகளுக்கான பெறுமானங்கள் பரிசோதனை மேடையில் இயந்திரத்தைக் குறித்த சில சுமைகளில் ஓடவிட்டு, அவற்றுக்கு நிறை கொடுத்துப் பெறப்படுபவை. அந்நிறைகளில் உயர்ந்த சுமைகளுக்கே முதன்மை. கடலில் ஓடும் கப்பலோ துறைமுகத்தை அணுகும்போதும், பல இயந்திரங்களைப் பகுதிச் சுமையில் ஒன்றாக இயக்கும்போதும், எரிபொருளை மிச்சம்பிடிக்க மெதுவாகச் செல்லும்போதும் தாழ்ந்த சுமையிலேயே நீண்ட நேரத்தைக் கழிக்கிறது. நழுவல் அங்குதான் மிக அதிகம். தெவுந்தரமுனைக்குத் தெற்கே அன்றாடம் கடந்து செல்லும் கப்பல்களுள் திரவ இயற்கை வாயுவில் ஓடுபவையும் உள்ளன என்பதால், இது எமக்குத் தொலைவான விடயமன்று.

நைதரசன் ஒட்சைட்டுகளுக்கு வரம்பு இருந்தது. ஆகவே உற்பத்தியாளர்கள் அதனைக் கணித்தனர், குறைத்தனர். மெதேனுக்கு நெடுங்காலம் வரம்பு இருக்கவில்லை. ஒன்றைக் குறைத்த அதே உபாயம் மற்றதைக் கூட்டியது. இதனை மாதிரிகளின் தோல்வி என்று மட்டும் கூறுவது நியாயமாகாது என்பதே எமது எண்ணம். யாரும் கேட்காத கேள்விக்கு மாதிரி விடை கூறாது. ஐரோப்பிய விதிகள் 2025 முதல் கப்பல் எரிபொருட் கணக்கிலும், 2026 முதல் காபன் கட்டணக் கணக்கிலும் மெதேனைச் சேர்த்துள்ளதால், இப்போது அந்தக் கேள்வி பலமாகக் கேட்கப்படுகிறது. சுழற்சிக்குச் சுழற்சி மாறும் கொந்தளிப்பைச் சராசரியாக்காமல் கணிக்கும் முறைகளுக்கும், இடுக்குகளையும் வலைப்பின்னலில் வரைந்து கணிக்கும் முறைகளுக்கும் ஆய்வாளர்கள் திரும்பியுள்ளனர். கணினிச் செலவு பன்மடங்காகிறது.

இனி எமது நாட்டின் பக்கம் வருவோம். மன்னார்ப் படுகையில் 2011 இல் இயற்கை வாயு இருப்பது உறுதிசெய்யப்பட்டது முதலும், திரவ இயற்கை வாயுவை இறக்குமதி செய்யும் யோசனை எழுந்தது முதலும், மின்னுற்பத்தியை வாயுவுக்கு மாற்றுவது பற்றிப் பேசப்பட்டு வருகிறது. இங்கு ஒரு வேறுபாட்டை மனதிற்கொள்ள வேண்டும். கெரவலப்பிட்டியில் உள்ளவை போன்ற வாயுச் சுழலிகளில் சுவாலை தொடர்ந்து எரிகிறது. பிஸ்டன் இல்லை, இடுக்கு இல்லை. முழுச் சுமையில் அவற்றின் மெதேன் நழுவல் மிகச் சொற்பம். சப்புகஸ்கந்தையிலும் சுன்னாகத்திலும் எரிநெய்யில் ஓடும் மின்நிலையங்களோ பிஸ்டன் இயந்திரங்களைக் கொண்டவை. இவ்வகை இயந்திரங்களை வாயுவுக்கு மாற்றுவது உலகில் பல இடங்களில் நடந்துள்ளது. அவ்வாறு மாற்றினால் மேலே கூறிய பிரச்சினைகள் அனைத்தும் கூடவே வரும்.

2030 இற்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்களிலிருந்து பெறுவது என்ற இலக்கு இதனை மேலும் கூர்மையாக்குகிறது. வெயில் மறையும்போதும் காற்று ஓயும்போதும் விரைந்து கைகொடுக்க, பிஸ்டன் வாயு இயந்திரங்களே பொருத்தமானவை என விற்பனையாளர்கள் எடுத்துரைப்பர். அதில் உண்மையும் உண்டு. சில நிமிடங்களில் அவற்றை முழு வலுவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் இப்பணியில் அவை அடிக்கடி நிறுத்தப்பட்டும், தொடங்கப்பட்டும், பகுதிச் சுமையில் காத்திருந்தும் ஓட நேரிடும். நழுவல் மிகையாகும் நிலை இதுவே. முழுச் சுமையில் அளந்த ஓர் எண்ணைக் காட்டி இத்தகைய இயந்திரத்தை விற்க முற்பட்டால், அந்த எண் மெய்யானதாக இருந்தும் பயனற்றது. 25 சதவீதச் சுமையிலும் 50 சதவீதச் சுமையிலும் நழுவல் எவ்வளவு, அது கணிப்பா அளவீடா என்று கேள்விப்பத்திரத்திலேயே கேட்டு வைப்பதற்கு எமது அதிகாரிகளுக்குப் பெரும் செலவு எதுவுமில்லை.

வாயுவின் கலவையும் இங்குதான் முக்கியமாகிறது. ஒரு நாட்டிலிருந்து வரும் திரவ இயற்கை வாயு அநேகமாகத் தூய மெதேன். இன்னொரு நாட்டினதில் எதேனும் புரொப்பேனும் கணிசமாகக் கலந்திருக்கும். பின்னையது எளிதில் தானாகப் பற்றிக்கொண்டு சிலிண்டருக்குள் வெடிப்போசை எழுப்பும்; பிஸ்டனையே சேதப்படுத்தும். இதற்காக 'மெதேன் எண்' என்றோர் அளவுகோல் உண்டு. தூய மெதேனுக்கு 100, ஐதரசனுக்குப் பூச்சியம். விலை மலிவைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு நாடுகளில் கப்பல் கப்பலாக வாங்கும் ஒரு தேசம், ஒரே கலவைக்கு இசைவாக்கப்பட்ட இயந்திரத்தை வைத்திருந்தால், அதன் கணிப்பு ஒவ்வொரு கப்பலுடனும் மாறும்.

தீர்வுகள் இல்லாமலில்லை. பலேடியம் கொண்ட ஊக்கிகளால் எரியாத மெதேனை அழிக்க முயற்சிகள் நடைபெறுகின்றன. எனினும் மெதேன் எளிதில் இணங்காத மூலக்கூறு. ஐதான கலவை இயந்திரத்தின் குளிர்ந்த புகையில் ஊக்கி சோர்ந்துவிடுகிறது, சொற்பக் கந்தகமும் அதனை நஞ்சூட்டிவிடுகிறது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் முறை கப்பல் இயந்திரங்களில் நழுவலைக் கணிசமாகக் குறைத்துள்ளது. மிகச் சிறந்த பலன் தருவது, டீசலைப் போலவே வாயுவையும் கடைசி நேரத்தில் மிகை அமுக்கத்தில் நேரடியாகத் தெளிக்கும் பெரிய, மெதுவாக ஓடும் இயந்திரம். ஐரோப்பிய விதிகள் அதற்குக் கொள்ளும் நழுவல் 0.2 சதவீதம் மட்டுமே. இடுக்குகளில் பதுங்க அங்கு வாயு இல்லை. ஆனால் அதன் சுவாலை சூடானது. செல்டோவிச்சின் தொடர் மீண்டும் விழித்துக்கொள்கிறது. நைதரசன் ஒட்சைட்டுகளுக்கான கடுமையான வரம்பை நிறைவு செய்ய அவ்வியந்திரத்துக்குத் தனியாக ஒரு சுத்திகரிப்புச் சாதனத்தைப் பொருத்த வேண்டியுள்ளது. அதன் விலையையும், அதற்கு வேண்டிய யூரியாவின் விலையையும் யார் தாங்குவது என்பதில் கப்பல் உரிமையாளர்களும் இயந்திர உற்பத்தியாளர்களும் இன்று பேரம் பேசிக்கொண்டிருக்கின்றனர்.